ஷட்டில் ராக்கெட்டுக்குக் கிரிப்: சேலத்து வியர்வைக்கு எது, ஏற்காட்டுக் குளிருக்கு எது?

ஷட்டில் ஆடுகிறவர்கள் கட்ஸைப் பற்றி, அதாவது ராக்கெட் வலையின் நரம்பைப் பற்றிப் பேசுகிற பேச்சில் கால்வாசிகூட, கைப்பிடியில் சுற்றுகிற கிரிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. கட்ஸின் இழுவை 24 பவுண்டா 26 பவுண்டா என்று கடை வாசலில் அரைமணி நேரம் ஓடும். கிரிப் என்றதும் தொங்குவதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, மெத்தென்று இருந்தால் "இதையே போட்டுருங்கண்ணா" என்று முடிந்துவிடும். ஸ்மாஷ் அடிக்கும்போது ராக்கெட் கைக்குள் திரும்புகிறது, ரெண்டாவது கேமில் முன்னங்கை கல்லாகிவிடுகிறது என்று சொல்பவர்களின் ராக்கெட்டை வாங்கிப் பார்த்தால், பல நேரம் கோளாறு கைப்பிடியில்தான் இருக்கிறது.

கைக்குச் சுகம் என்பதை நான் ஒரே கேள்வியில் அளக்கிறேன்: தளர்வாகப் பிடித்துக்கொண்டே ஆட முடிகிறதா? காக்கை, அதாவது இறகுப் பந்தை, அடிக்கிற அந்தக் கணத்தில் மட்டும்தான் விரல்கள் இறுக வேண்டும். மற்ற நேரமெல்லாம் ராக்கெட் விரல்களில் சும்மா தங்கியிருந்தால் போதும். வழுக்குமோ என்ற பயம் வந்துவிட்டால் கை தன்னால் இறுகிவிடும். விரல் செய்ய வேண்டிய வேலையைத் தோளும் முழங்கையும் செய்ய ஆரம்பிக்கும். ஆகவே வழுக்காமல் இருப்பது முதலில், மெத்தென்று இருப்பது அப்புறம்.

சேலத்தில் இது லேசான பிரச்சினையில்லை. இறகுக் காக்கின் எடை 4.74 முதல் 5.50 கிராம், கொஞ்சம் காற்றடித்தாலும் விலகிப் போகும். அதனால் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உள்ளரங்கில் ஆடுகிறோம். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி எட்டு மணிக்கும் தலையில் இறக்கிக்கொண்டிருக்கும். 11 பாயின்ட் இடைவேளை வருவதற்குள் கைப்பிடி நனைந்துவிடுகிறது. அதே ராக்கெட்டை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால், சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காலையில், கை காய்ந்து கிடக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே கிரிப்பைச் சிபாரிசு செய்ய என்னால் முடியாது.

போட்டியில் இருப்பவை மூன்று: ஒட்டுப்பசையோடு வருகிற தடித்த பி.யு. (பாலியூரித்தேன்) கிரிப், அதைவிட மெல்லிய ஓவர்கிரிப், பருத்தியில் வருகிற டவல் கிரிப்.

பி.யு. கிரிப்பை முதலில் பார்ப்போம், புது ராக்கெட்டில் பெரும்பாலும் இதுதான் சுற்றி வரும். ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமன், நல்ல மெத்தை. அடியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும், மாதக்கணக்கில் உழைக்கும். கடையில் உலர்ந்த கையால் தொட்டுப் பார்த்தால் மூன்றில் இதுவே சுகமாகப் படும். ஆனால் வியர்வையை இது அவ்வளவாக உறிஞ்சாது. ஈரம் மேற்பரப்பிலேயே நிற்கும். ஓட்டை போட்ட ரகமும், நடுவில் மேடு ஓடுகிற ரகமும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். மேற்பூச்சு தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆறு மாதமாகப் பளபளக்கிற கிரிப்போடு ஆடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. கைப்பிடிக்குள் இருப்பது எட்டுப் பட்டை வைத்துச் செதுக்கிய மரம். பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலை அகலப் பட்டையில் வைக்கிறோம், ஃபோர்ஹேண்டுக்குத் திருப்பிக்கொள்கிறோம். குனிந்து பார்க்காமல், தொட்டே கண்டுபிடிக்கிற விஷயம் இது. தடித்த கிரிப் சுற்றினால் பட்டைகள் மழுங்கிக் கைப்பிடி உருண்டையாகிவிடும். ராக்கெட் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது விரலுக்குத் தெரியாமல் போகும். அதன் மேலேயே இன்னொரு ஓவர்கிரிப்பும் சுற்றுவது நம்மூரில் சகஜம். கை பெரிதாக இருப்பவருக்கு அது சரிப்படலாம். சின்னக் கைக்கு அது உலக்கைதான்.

ஓவர்கிரிப்புக்கு வருவோம். எனக்கு அதிக மதிப்பு இதன்மேல்தான். 0.6 மில்லிமீட்டர் அளவுதான் தடிமன். பசை கிடையாது, தொடங்குகிற முனையில் மட்டும் சின்னதாக ஒட்டுப் பட்டை இருக்கும். மீதியெல்லாம் இழுத்துச் சுற்றுகிற இழுவையில் நிற்கிறது. பட்டைகள் அப்படியே விரலுக்குத் தெரியும். இதிலேயே இரண்டு குணம் உண்டு. ஒன்று தொட்டாலே ஒட்டுகிற ரகம்; யோனெக்ஸ் கம்பெனியின் சூப்பர் கிராப் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். இன்னொன்று காய்ந்த ரகம், தொட்டால் துணிபோல இருக்கும். வியர்வை பட்டபின்தான் பிடிப்பு ஏறும். டென்னிஸ்காரர்கள் சுற்றுகிற நீல நிற டூர்னா கிரிப் இந்த வகை. கடையில் தொட்டுப் பார்க்கிறவருக்கு ஒட்டுகிற ரகம்தான் பிடிக்கும். ஆனால் கை நனைந்துவிட்டால் அந்த ஒட்டல் போய்விடும், காய்ந்த ரகம் அப்போதுதான் வேலையையே ஆரம்பிக்கும். லேசாக வியர்ப்பவருக்கு முதல் ரகம், ஓரளவு கொட்டுகிறவருக்கு இரண்டாவது.

இதன் குறை ஆயுள். வாரத்தில் நாலைந்து நாள் ஆடுகிறவருக்கு இரண்டு, மூன்று வாரத்துக்குள் நிறம் மங்கி, ஓரம் பிசிறும். ஆனால் ஒரு ஓவர்கிரிப்பின் விலை ஒன்றிரண்டு இறகுக் காக்கின் விலைதான். ஒரே சாயங்காலத்தில் எத்தனை காக்கை உடைக்கிறோம்! அந்தச் செலவுக்கு யோசிக்காதவர் இதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

டவல் கிரிப், வியர்வை ஆறாக ஓடுகிறவர்களுக்கானது. துண்டுத் துணி மாதிரியே நூல் நூலாக இருக்கும், ஈரத்தைக் குடிக்கும். கை எவ்வளவு நனைந்தாலும் முதல் சில நாள் இதை அடித்துக்கொள்ள மற்ற இரண்டாலும் முடியாது. ஆனால் இது கவனிப்பு கேட்கும். கிரிப் பவுடர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகத்துக்குப் பூசுகிற பவுடர் அல்ல, அதைப் போட்டால் இன்னும் வழுக்கும். நூல்கள் படிந்து சப்பையாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். ஆடிவிட்டு ஈரத்தோடு பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தால் மறுநாள் நாற்றம் எடுக்கும், அழுக்கு கையிலும் ஏறும். வீட்டுக்கு வந்ததும் ராக்கெட்டை வெளியே எடுத்து ஆணியில் மாட்டுகிற பழக்கம் உள்ளவர் மட்டும் இதை வாங்கலாம். இன்னொன்று: இதுவும் தடித்ததுதான். பழைய பி.யு. கிரிப்பை உரித்துவிட்டு மரத்தின் மேல் நேராகச் சுற்றினால்தான் கைக்கு அடங்கும்.

டவலுக்குப் போகும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடியை நனைப்பதில் உள்ளங்கை வியர்வையோடு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வழிந்து இறங்குகிற வியர்வைக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு ரிஸ்ட் பேண்ட் போட்டாலே பாதிப் பேருக்கு டவல் கிரிப் தேவைப்படாது.

நான் ராக்கெட்டைக் கொடுத்து கிரிப் மாற்றுகிற கடையில் ஒரு அண்ணன் இருக்கிறார். எந்த கிரிப் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "கையைக் காட்டுங்க தம்பி" என்பார். உள்ளங்கையைப் பார்ப்பார், பிறகு ராக்கெட்டைப் பிடிக்கச் சொல்லுவார். விரல் நுனி உள்ளங்கைச் சதையில் போய் இடித்தால் கைப்பிடி மெல்லிசு. சுண்டுவிரல் தாராளமாக நுழைகிற இடைவெளி இருந்தால் தடிமன். யோனெக்ஸில் ஜி4, ஜி5 என்று போட்டிருப்பதும் இந்தச் சுற்றளவைத்தான். எண் கூடக் கூடக் கைப்பிடி மெலியும். மெல்லிய ஜி5 வாங்கித் தேவைக்குச் சுற்றி ஏற்றிக்கொள்ளலாம். தடித்ததை வாங்கிவிட்டால் மரத்தைச் செதுக்கவா முடியும்?

அவர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பழையதை உரித்ததும் மரத்தில் கறுப்பாகத் திரண்டிருக்கிற பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுப்பார். மெல்லிய ஃபோம் ஒரு சுற்று. பிறகு அடி முனையிலிருந்து ஓவர்கிரிப்பைச் சாய்வாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, ஒரே இழுவையில் மேலே கொண்டுபோவார். ஏற்றம் கூடினால் தடிமன் கூடும், நடுவில் இழுவை தளர்ந்தால் நாலு நாளில் சுருக்கம் விழும். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் சுற்றுகிற திசை வேறு, அதையும் கேட்டுக்கொள்வார். டபுள்ஸில் முன்னால் நிற்பவர் ராக்கெட்டை மேலே தள்ளிப் பிடிப்பார் என்பதால், அவருக்குக் கைப்பிடியின் மேல்முனையிலிருக்கிற கூம்பு வரைக்கும் ஏற்றிச் சுற்றி டேப் ஒட்டுவார்.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 4யூ என்று எடைக்குறி போட்ட ராக்கெட் 80 முதல் 84 கிராம். ஒரு ஓவர்கிரிப் ஐந்து கிராம்போல இருக்கும், பி.யு.வும் டவலும் அதைவிடக் கூட. அடியில் ஏறுகிற எடை ராக்கெட்டின் தலைக்கனத்தைக் குறைக்கும். தலை கனமாக இருக்கட்டும் என்று தேடி வாங்கிய ராக்கெட்டில் இரண்டு மூன்று அடுக்குச் சுற்றினால், வாங்கியதன் பலன் குறைந்துபோகும்.

ஏற்காட்டில் ஆடுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். கை காய்ந்திருப்பதால் ஒட்டுகிற ஓவர்கிரிப் அங்கே பிரமாதமாக நிற்கும். காய்ந்த ரகம் ஈரம் கிடைக்காமல் வழுக்கும். பி.யு. கிரிப்புக்கும் அங்கேதான் நியாயம் கிடைக்கிறது: வியர்வைத் தொல்லை குறைவு, நெடுநாள் உழைக்கும். டவல் கிரிப்பை அங்கே நான் சொல்லவே மாட்டேன்; மழைக்காலத்தில் மூடுபனி இறங்கி நின்றால் துணியே காயாத ஊரில், அது எப்போது காய்வது? உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் காக்கும் வேகமாகப் போகும், வேக எண் குறைந்த காக்கை எடுப்பது நல்லது.

ஆகவே சேலத்தில் சாயங்காலம் டபுள்ஸ் ஆடுகிறவருக்கு என் தேர்வு: கம்பெனி கிரிப்பை உரித்துவிட்டு, மெல்லிய ஃபோம், அதன்மேல் ஒரு காய்ந்த ரக ஓவர்கிரிப், கையில் ரிஸ்ட் பேண்ட். அப்படியும் நழுவினால் டவல். கோச்சிங்குக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஃபோமும் வேண்டாம்; மரத்தின் மேல் நேராக ஒரே ஓவர்கிரிப். விரல் பட்டைகளைப் பழகுகிற வயசு அது. பெரியவர்கள் ஆடிய ராக்கெட்டை அப்படியே பிள்ளையிடம் கொடுப்பதாக இருந்தால், முதலில் அதில் சுற்றியிருக்கிற அத்தனையையும் உரித்துவிட்டுக் கொடுங்கள்.