பழைய கோல்ஃபுக்குப் புது றேடியோ: 500 பிராங்கில் எது பிரயோசனம், எது தண்டம்

என் 2007ஆம் ஆண்டு ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் காருக்கு டிஏபி பிளஸ் என்ற டிஜிட்டல் றேடியோ பூட்டி முடிக்க, முதலில் பிழையாகப் பூட்டியவருக்குக் கொடுத்ததைச் சேர்க்காமல், ஏறத்தாழ 500 பிராங்க் ஆனது. றேடியோப் பெட்டி மட்டும் 189. மிச்சம் எல்லாம் வயர், அன்டெனா, பெட்டியைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் சட்டம், கைக்கூலி என்று போனது. "அந்தக் காரை வித்தாலே அவ்வளவு வருமோ?" என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் லென்ஸ்பூர்க்கிலிருந்து சூரிச் சேபாக்கில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு விடியற்காலையில் ஓடுகிறவள் நான். ஏ1 நெடுஞ்சாலையில் நெரிசலுக்குள் நிற்கும்போது கேட்க ஒன்றும் இல்லாவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜி தன் வானொலிகளின் எஃப்எம் ஒலிபரப்பை 2024 டிசம்பர் 31ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அதன் ஜெர்மன் மொழி வானொலிகளான எஸ்ஆர்எஃப் 1, எஸ்ஆர்எஃப் 3 இருந்த இடத்தில் பழைய றேடியோவில் வெறும் இரைச்சல். தனியார் வானொலிகள் பல எஃப்எம்மில் தொடர்ந்தன. எனக்கு வேண்டியதோ காலைச் செய்தியும், கூப்ரிஸ்ட் சுரங்கத்துக்கு முன்னால் எவ்வளவு தூரத்துக்கு வாகனங்கள் நிற்கின்றன என்ற தகவலும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் 335 பிராங்கை வருடா வருடம் கட்டிக்கொண்டு, குசினியில் மட்டும் கேட்பானேன்?

மலிவான வழி ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டுகிற சின்ன டிஏபி கருவி. நூறு பிராங்குக்குள் வாங்கலாம். அது டிஏபியைப் பிடித்து, காரின் பழைய றேடியோவுக்கு எஃப்எம்மில் திரும்ப அனுப்பும். என் வேலைத்தோழி ஒருத்தி அதைத்தான் வைத்திருக்கிறாள். காலியான எஃப்எம் இடம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் அந்த இடத்தில் வேறு ஒரு நிலையம் வந்து குறுக்கிடும். எஸ்ஆர்ஜி போனபிறகு காலி இடங்கள் கூடியிருப்பது அவளுடைய அதிர்ஷ்டம். உங்கள் காரில் வெளிக்கருவியை வயரால் இணைக்கும் ஆக்ஸ் துளை இருந்தால் எஃப்எம்மை விட்டுவிட்டு அதன் வழியாக இணையுங்கள், சத்தம் எவ்வளவோ தெளிவாக இருக்கும். ஆனால் முன்கண்ணாடியில் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான 40 பிராங்க் வினியெட் ஒட்டி, அதற்குப் பக்கத்தில் இந்தக் கருவி, அதிலிருந்து தொங்கும் வயர் என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முழு றேடியோவையும் மாற்றுவது என்று முடிவு. கென்வுட், பயனியர், சோனி, ஜேவிசி எல்லோரும் டிஏபி பிளஸ் உள்ள பெட்டிகள் செய்கிறார்கள். நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். மாடல் இலக்கம் சொல்லிப் பயனில்லை, அது கடையில் அடிக்கடி மாறும். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: வெறும் டிஏபி என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். இங்கே ஒலிபரப்பு முழுக்க டிஏபி பிளஸ். பழைய வகைப் பெட்டிக்கு அது பிடிபடாது.

கார் றேடியோவுக்கு ஒற்றை டின், அதைப்போல் இரண்டு மடங்கு உயரமான இரட்டை டின் என்று இரண்டு அளவு. கோல்ஃபில் இரட்டை டின் அளவுக்கு இடம் இருக்கிறது. பெரிய தொடுதிரைப் பெட்டி ஒன்று வைக்கலாம். கடைக்காரப் பெடியனும் அதைத்தான் தள்ளிப் பார்த்தான். நான் ஒற்றை டின் அளவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். மார்கழிக் குளிரில் கையுறையோடு தொடுதிரையைத் தடவிப் பாருங்கள், அப்புறம் தெரியும். மிச்சமான பாதி இடத்தில் சட்டத்தோடு வந்த ஒரு சின்னத் தட்டு. அதற்குள் போன், கோப் கடை வண்டிலுக்கான இரண்டு பிராங்க் குற்றி, இருமல் இனிப்பு எல்லாம் இருக்கின்றன.

இனி பூட்டிய கதை. முதலில் பூட்டியவர் இவருக்குத் தெரிந்த ஒருவர். பின்னேரம் வந்து, தேத்தண்ணி குடித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டு 120 பிராங்க் வாங்கிக்கொண்டு போனார். றேடியோ பாடியது. சாவியை எடுத்த பிறகும் பாடியது. "குமிழை அழுத்தினால் நிற்கும்" என்றார். நின்றது. ஆனால் வார இறுதியில் நிலத்தடித் தரிப்பிடத்தில் விட்ட கார் திங்கட்கிழமை விடிய உயிர் இல்லாமல் கிடந்தது. பட்டரி காலி. டிஏபியும் ஓடுகிற ஓட்டத்தில் விட்டு விட்டுத்தான் வந்தது. எஃப்எம்மோ பழைய பெட்டியில் வந்த அளவுகூட வரவில்லை.

பிறகு ஒரு தம்பியைப் பிடித்தோம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கிழமை நாளில் கராஜ் ஒன்றில் வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் இப்படியான வேலை செய்கிறவன். றேடியோவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நகம் படாமல் கழற்றி, நட்சத்திரத் தலை உள்ள நான்கு டோர்க்ஸ் ஆணிகளைத் திருகி, பெட்டியை வெளியே இழுத்தான். பின்னால் இருந்த வயர்க் கட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அன்ரி, இஞ்ச பாருங்கோ. சிவப்பையும் மஞ்சளையும் ஒண்டா முறுக்கி வச்சிருக்கினம்."

மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். நிலையங்களை நினைவில் வைத்திருக்க றேடியோவுக்கு அது வேண்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் சிவப்பில் மின்சாரம் வர வேண்டும். ஆனால் இந்தக் கோல்ஃபில் றேடியோவுக்கு வரும் பெரிய செருகியில் அந்தச் சிவப்புக்கான வயரே கிடையாது. சாவி திருப்பிய செய்தி கேன் பஸ் என்ற தகவல் வயர் வழியாகத்தான் போகும். கடையில் வாங்கிய றேடியோவுக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அது 69 பிராங்க். முதல் ஆள் அதை மிச்சம் பிடித்து, இரண்டு வயரையும் ஒன்றாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். தம்பி சாவியை என் கையில் தந்துவிட்டு மீட்டரை வைத்துக் காட்டினான். கார் அணைந்து கிடக்கிறது, சிவப்பு வயரில் 12.3 வோல்ட். பட்டரி ஏன் செத்தது என்று அதற்குமேல் ஒருவரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தப் பெட்டியைப் பூட்டியதும் சாவியோடு றேடியோவும் நின்றது. இன்னொரு நன்மை, ஸ்டியரிங்கில் இருக்கும் சத்தப் பொத்தான்களும் வேலை செய்யத் தொடங்கின.

எஃப்எம் வராததற்கு வேறு காரணம். கோல்ஃபின் கூரையில் இருக்கும் அன்டெனாவுக்குள் ஒரு சின்ன அம்பிளிஃபையர் இருக்கிறதாம். அதற்கான மின்சாரத்தை றேடியோதான் அதே அன்டெனாக் கேபிள் வழியாக மேலே அனுப்ப வேண்டும். புதுப் பெட்டி அப்படி அனுப்பாது. இடையில் ஒரு துண்டு கேபிளைச் செருகி, அதன் நீல வயரை றேடியோவின் நீல வயரோடு இணைத்தான். 15 பிராங்க். எஃப்எம் திரும்பி வந்தது.

டிஏபிக்குத் தனி அன்டெனா. எஃப்எம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இங்கே டிஏபி 174க்கு மேலே. பழைய கம்பி அதற்குச் சரிவராது. முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுகிற மெல்லிய பட்டி ஒன்று 45 பிராங்குக்கு வாங்கியிருந்தேன். அதன் ஒரு முனையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத, வெள்ளி நிறத்தில் ஒட்டும் தகடு இருக்கும். அதைக் காரின் இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டும். பட்டிக்கு அதுதான் நிலம், அதாவது எர்த். அது இல்லாமல் அன்டெனா பாதி அன்டெனாதான். முதல் ஆள் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்கு மேலேயே ஒட்டியிருந்தார்! தம்பி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த இரும்பைத் துணியால் துடைத்து, புதுத் தகட்டை அழுத்தி ஒட்டினான். அந்தத் தூணுக்குள்ளே காற்றுப்பை மடித்து வைத்திருக்கிறது. கேபிள் அதற்கு முன்னால் போகக்கூடாது, பின்னால்தான் போக வேண்டும் என்று சொல்லி, ஏற்கெனவே இருந்த வயர்களோடு சேர்த்துக் கட்டினான். அந்த ஒரு வேலைக்காகவே அவனுக்கு 150 பிராங்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். முழு வேலைக்கும் சேர்த்தே அவன் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது எப்படி ஓடுகிறது? சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருக்கிறது. எஃப்எம் தூரம் போகப் போக இரைந்து இரைந்து தேயும். டிஏபி அப்படி இல்லை; வந்தால் சுத்தமாக வரும், இல்லையென்றால் குமிழியிட்டுச் சட்டென்று நின்றுவிடும். பாரெக், கூப்ரிஸ்ட் இரண்டு சுரங்கத்துக்குள்ளும் தடங்கல் இல்லை. லுகானோவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது கொட்ஹார்ட் சுரங்கத்தின் 16.9 கிலோமீட்டர் முழுக்க வானொலி கேட்டபடி போனோம். மறுகரையில் நிலையப் பட்டியலைப் புதுப்பித்ததும் எஸ்ஆர்ஜியின் இத்தாலியன் பிரிவான ஆர்எஸ்ஐயின் வானொலிகள் வந்து நின்றன. எங்கள் வீட்டு நிலத்தடித் தரிப்பிடத்தில் மட்டும் ஒன்றும் வராது. வெளியே ஏறி முதல் திருப்பம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை நீங்களே செய்யலாம். டிஏபி போனால் தானாக எஃப்எம்முக்குத் தாவும் வசதி பெட்டியில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். எஸ்ஆர்எஃப் 2024 முடிவோடு எஃப்எம்மை விட்டுப் போய்விட்டது. இல்லாததைத் தேடிக்கொண்டு அது நேரத்தை வீணாக்கும்.

இனி தமிழுக்கு வருவோம். டிஏபி பட்டியலில் நீளமாக எத்தனையோ நிலையங்கள் இருந்தும், என் பாதையில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற ஒன்று எனக்கு அகப்படவில்லை. தமிழ் வானொலி என்றால் போனில் இணையம் வழியாகத்தான். ஆகையால் எங்களைப் போன்றவர்களுக்கு வெளியிணைப்புகள் டிஏபி அளவுக்கே முக்கியம். புளூடூத்தில் காரை இயக்கியதும் போன் தானாகப் பிடித்துக்கொள்கிறது. காலையில் செய்தி, திரும்பி வரும்போது தமிழ் என்று ஓடுகிறது. அழைப்பும் அதிலேயே. இங்கே போனைக் கையில் பிடித்துக் கதைத்தபடி ஓட்டினால் 100 பிராங்க் தண்டம். முதல் ஆள் மைக்கை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார், "என்ன, கிணத்துக்குள்ள இருந்தோ கதைக்கிறாய்?" என்று அம்மா கேட்பார். தம்பி அதைக் கூரை ஓரத்துக்கு ஏற்றிவிட்டான். இப்போது அம்மா என் குரலை விட்டுவிட்டு நேரே என் சமையலைக் குறை சொல்கிறார்.

வீட்டில் கிடந்த பழைய குறுந்தட்டுகளையெல்லாம் மகள் யூஎஸ்பி குச்சியில் ஏற்றித் தந்திருக்கிறாள். பெட்டி ஃபாட்32 என்ற கோப்பு முறையில் தயாரித்த குச்சியைத்தான் வாசிக்கும் என்று கையேட்டில் இருந்தது. அவள் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாள். திரையில் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள்தான் வந்தன. தேவாரம் எது, மெல்லிசை எது என்று தெரியாமல் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றி, முன்னால் 01, 02 என்று இலக்கம் போட்ட பிறகுதான் ஒழுங்காக வந்தது. இவ்வளவு மொழி பேசும் நாட்டில் விற்கிற பெட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாதது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

ஆக்ஸ் துளை முன்பக்கத்திலேயே இருக்கிறது. புதுப் போன்கள் பலவற்றில் அதற்கான துளையே இல்லை, இடையில் ஒரு மாற்றி வேண்டும். என்னிடம் இருப்பது மாமியின் சின்னப் பாட்டுப்பெட்டி. அவருக்குப் புளூடூத் எல்லாம் ஒத்துவராது, வயரைச் செருகினால் பாட வேண்டும். அதைச் சிகரெட் துளையில் சார்ஜ் போட்டபடி ஆக்ஸிலும் செருகினால் ஒரு கீச்சென்ற சத்தம் எழும்பும், அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். இரண்டு வயருமே காரின் நிலத்தோடு சேர்வதால் வருகிற வினை. இடையில் போடுகிற சின்ன வடிகட்டி ஒன்று 15 பிராங்குக்கு விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. மாமி ஏறினால் சார்ஜ் வயரைக் கழற்றிவிடுவேன்.

ஒலிபெருக்கிகளை மாற்றவில்லை. கதவில் இருக்கும் பழையவையே ஸ்விஸ் கிளாசிக் வானொலிக்கும் நாதஸ்வரத்துக்கும் போதுமானவை.

குறை ஒன்று பாக்கி. ஸ்டியரிங்கில் அடுத்த நிலையப் பொத்தானை அழுத்தினால் நான் பதிந்து வைத்த நிலையங்களுக்குப் போகாமல், முழுப் பட்டியலிலும் ஒவ்வொன்றாக நகர்கிறது. அதைக் கேன் பெட்டியில் மாற்றலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அவனுடைய இலக்கத்தைக் கேட்கிறவர்களுக்கு: "பொதுவில போடாதேங்கோ அன்ரி, சனிக்கிழமை ஒண்டுதான் எனக்கு இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். பழைய றேடியோவை எறிய வேண்டாம் என்றும் சொன்னான். காரை விற்கும்போது கேட்பார்களாம். அதன் இரகசிய இலக்கம் எழுதிய அட்டையோடு சேர்த்து நிலவறையில் வைத்திருக்கிறேன்.