நகரின் நடுவே ஒரு கசினோ: மரினா பே சாண்ட்ஸ் வாசலை முன்வைத்து ஒரு மதிப்புரை

நகர மையத்தில் கசினோ வைக்கலாமா என்ற கேள்வி டொராண்டோவில் 2013ஆம் ஆண்டு எழுந்தபோது, அந்த நகர மன்றம் 40க்கு 4 என்ற வாக்குகளில் வேண்டாம் என்றது. நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்கென்று வந்த மூன்று திட்டங்களும் 2025 செப்டம்பரில் உள்ளூர்க் குழுக்களின் வாக்கெடுப்பிலேயே விழுந்துவிட்டன. சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் கசினோவுக்கு இடம் கொடுக்கும் முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2010 ஏப்ரல் 27 அன்று ஹோட்டல், கடைத்தொகுதி, கசினோ எல்லாம் சேர்ந்த மரினா பே சாண்ட்ஸ் திறந்தது. நிதி வட்டாரத்துக்கு எதிர்க்கரை, பேஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து வெயில் மழை படாமல் நடந்தே போய்விடலாம். நகர மையம் என்றால் இதுதான்.

ஹோட்டல் அறைகளுக்கும் மாடியில் இருக்கும் நீச்சல்குளத்துக்கும் மதிப்புரைகள் ஏராளம். இங்கே பேசப்போவது கசினோவைப் பற்றி மட்டும். அதிலும் பெரும்பகுதி அதன் வாசலைப் பற்றி. ஏனென்றால் நகரத்தின் நடுவே இப்படி ஓரிடம் இருப்பதை ஊர் தாங்குமா என்பதை அந்த வாசலும் அதற்குப் பின்னால் இருக்கும் சட்டமும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் அமைவிடம். கட்டடக்கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்த மூன்று கோபுரங்களும் தீவின் பாதியிலிருந்து தெரியும். ஆனால் கசினோ தெருவிலிருந்து கண்ணில் படாது. சூதாட்டப் பரப்புக்கு ஆரம்பத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 15,000 சதுர மீட்டர். பக்கத்திலேயே மாநாட்டு, கண்காட்சி மையம் மட்டும் ஏறத்தாழ 120,000 சதுர மீட்டர், கடைத்தொகுதி 74,000. கடைத்தொகுதிக்குள் நடந்து போகிறவர் தானாகத் தேடிப் போனால்தான் கசினோ வாசல் கிடைக்கும். குழந்தையோடு பொம்மை வாங்க வந்தவர் ஜாக்பாட் இயந்திரங்களைத் தாண்டி நடக்க வேண்டியதில்லை. லாஸ் வேகஸில் ஹோட்டல் அறைக்குப் போகவே இயந்திர வரிசைகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டியிருக்கும். இங்கே கசினோவை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பது சரியான முடிவு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இது கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டை எதற்கும் கீழ்த்தளத்தில் இது இல்லை. நகர மையம் என்று ஒரே சொல்லில் பேசும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது.

அடுத்து வாசல். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். சுற்றுலா வரும் வெளிநாட்டவர் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது. சுற்றுலா வருபவர்கள் கடவுச்சீட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்து திரும்பிப் போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் வீண் அலைச்சல். ரப்பர் செருப்பு, கடற்கரை உடை கூடாது. உள்ளே படம் எடுக்கக்கூடாது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் உண்டு. 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டுக்கு 3,000 வெள்ளி. 2019 ஏப்ரல் வரை இது 100ஆகவும் 2,000ஆகவும் இருந்தது. தேதி மாறினால் கணக்கு முடிவதில்லை, தொடர்ச்சியாக 24 மணி நேரம். அதற்குள் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். நேரம் தாண்டியும் உள்ளே இருந்தால் அது குற்றம், மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். ஒருமுறை கட்டிய பணம் திரும்ப வராது. அந்தப் பணம் கசினோ நிறுவனத்துக்குப் போவதில்லை. அரசு அமைப்பான டோட் வாரியத்தின் வழியாகப் பொதுநல, அறப்பணிகளுக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டில் மிகவும் மதிக்கத்தக்க அம்சம் இதுதான். உள்ளூர்க்காரர் உள்ளே காலெடுத்து வைப்பதால் மட்டும் நிறுவனத்துக்கு ஒரு காசு வராது.

150 வெள்ளி என்பது எவ்வளவு கனம் என்று மேசைக் கணக்கில் பார்க்கலாம். பேக்கரா என்ற சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கங்களில் எது வெல்லும் என்று பந்தயம் வைப்பார்கள். பேங்கர் பக்கம் வைத்தால் நிறுவனத்தின் சாதகம், அதாவது வைக்கும் பணத்தில் சராசரியாக அதற்கு மிஞ்சுவது, 1.06 விழுக்காடு. ஒரு கைக்கு (ஒரு சுற்று ஆட்டத்துக்கு) 25 வெள்ளி, மணிக்கு 60 கை என்று வைத்துக்கொண்டால் மணி நேரத்துக்குச் சராசரியாக இழப்பது சுமார் 16 வெள்ளி. அதாவது வாசலில் கட்டிய தொகை, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஆடி இழக்கக்கூடிய தொகைக்குச் சமம். 'சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்' என்று நினைப்பவரை இது வெளியிலேயே நிறுத்திவிடும். கட்டணத்தின் நோக்கமும் அதுதான்.

ஆனால் உள்ளே போய்விட்டவரிடம் இதே கட்டணம் எதிர்மாறாக வேலை செய்கிறது. முதல் கையை எடுக்கும் முன்பே 150 வெள்ளி குறைந்துவிட்ட மனநிலை வந்துவிடுகிறது. 'கட்டினதையாவது எடுத்துவிட்டுக் கிளம்பலாம்' என்று பந்தயத்தை ஏற்றுவார்கள், இல்லையென்றால் டை பக்கம், அதாவது இரண்டு பக்கமும் சமமாக முடியும் என்று, வைப்பார்கள். டை ஒன்றுக்கு எட்டு கொடுக்கும் மேசையில் நிறுவனத்தின் சாதகம் 14.36 விழுக்காடு. அதே 25 வெள்ளி, அதே 60 கை என்றால் மணிக்கு 215 வெள்ளி போகும். நுழைவுக் கட்டணத்தைத் திரும்பப் பிடிக்கும் செலவு அந்தக் கட்டணத்தைவிடக் கூடுதலாக ஆகிறது. கட்டியது போயிற்று என்று எழுதித் தள்ளிவிட்டு உட்காருகிறவர் மட்டும்தான் கணக்கோடு ஆட முடியும்.

மேசை விஷயத்தில் இரண்டு குறிப்புகள் போதும். 'கமிஷன் இல்லை' (பேங்கர் வென்றால் பிடித்தம் கிடையாது) என்று எழுதிய பேக்கரா மேசை மலிவாகத் தோன்றும். பேங்கர் 6 புள்ளியில் வென்றால் பாதிதான் கிடைக்கும் என்ற விதி அங்கே இருந்தால் சாதகம் 1.46 விழுக்காடாக ஏறிவிடும். ரூலெட்டில் சக்கரத்தைப் பார்த்துவிட்டு உட்காரவும்: ஒற்றைச் சுழியம் என்றால் 2.7 விழுக்காடு, இரட்டைச் சுழியம் என்றால் 5.26. ஒரே பந்து, ஒரே 25 வெள்ளி, இழப்பு மட்டும் இரட்டிப்பு.

ஆண்டுச் சந்தா இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை. 3,000 வெள்ளியை 150ஆல் வகுத்தால் 20. அதாவது ஆண்டுக்கு 20 தடவைக்கு மேல் வருகிறவருக்குத்தான் சந்தா லாபம். இருபத்தோராவது வருகையிலிருந்து வாசலில் தடையே கிடையாது, வந்தால் வந்ததுதான் மிச்சம். அடிக்கடி வருபவரைத் தடுக்க வேண்டிய கட்டணம் அவருக்கே சலுகை தருகிறது. தினக் கட்டணத்தை ஆதரிக்கும் எவரும் ஆண்டுச் சந்தாவை ஆதரிக்கக் காரணம் தேட முடியாது. அது ரத்தாக வேண்டும்.

உள்ளே ஏடிஎம் இல்லை. கசினோ வளாகத்துக்குள் வைக்கக்கூடாது என்பது சட்டம். கேட்க அற்பமாகத் தெரியும், நடைமுறையில் பெரிய விஷயம். கையில் இருந்தது தீர்ந்தவர் எழுந்து, வாசலைத் தாண்டி வெளியே நடந்து, கடைத்தொகுதியின் வெளிச்சத்தில் நின்று அட்டையைச் செருக வேண்டும். அந்த நடை நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கடனில் ஆட அனுமதியில்லை. குறைந்தது 100,000 வெள்ளி வைப்புக் கணக்கில் போட்டிருக்கும் பெருந்தொகை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை நிறுவனம் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நாட்டுக்குள் வரும்போதோ வெளியேறும்போதோ 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். பொழுதுபோக்காக ஆடி வென்ற பணத்துக்குச் சிங்கப்பூரில் வரி இல்லை. ஆனால் இந்தியாவில் வரி கட்டும் குடியிருப்பாளர் அங்கே 30 விழுக்காட்டையும் அதற்கு மேல் வரும் கூடுதல் வரிகளையும் கட்ட வேண்டியவரே. சென்னையிலிருந்து வரும் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி விலக்கு ஆணைகள். வாசலில் அட்டையைச் சரிபார்க்கும் அந்த நொடியில் இந்தப் பட்டியலும் சரிபார்க்கப்படுகிறது. தானாகவே முன்வந்து தன்னைத் தடை செய்துகொள்ளலாம். பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பம் இருக்கிறது, எடுத்தால் குறைந்தது ஓராண்டுக்கு ரத்து செய்ய முடியாது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோர் குடும்ப விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். நொடிப்பிலிருந்து (திவால் நிலையிலிருந்து) விடுபடாதவர்கள், அரசின் நிதியுதவியில் வாழ்பவர்கள், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குச் சட்டமே தடை போட்டுவிடுகிறது, யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முழுத் தடை வேண்டாம் என்பவருக்கு மாதத்துக்கு இத்தனை தடவை என்ற வருகை வரம்பு இருக்கிறது. தடையுள்ளவர் எப்படியோ உள்ளே போய் வென்றாலும் அந்தப் பணம் பறிமுதல்.

குடும்ப ஆணைக்கு விண்ணப்பிப்பவர்கள் தடுமாறும் இடம் ஆதாரம். 'நிறைய ஆடுகிறார்' என்று சொன்னால் போதாது. குடும்பத்துக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்ட வேண்டும்: கட்டாத பயன்பாட்டுக் கட்டணச் சீட்டுகள், வட்டிக்கடைக்காரர்களின் கடிதங்கள், காலியான வங்கிக் கணக்கு அறிக்கை. இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போனால் மதிப்பீட்டுக் குழுவுக்கு முன் பேசுவது எளிது. தொடங்கும் முன் 1800-6668-668 என்ற உதவி எண்ணில் பேசுவது நல்லது.

இவ்வளவு அக்கறையாகக் கட்டிய வாசலில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் தடையே இல்லை. ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளர்கள் வெளிநாட்டவர் கணக்கில் வருகிறார்கள், ஆகவே கட்டணம் கிடையாது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் ஏராளம். ஊரில் முகவருக்குக் கொடுத்த கடனோடு வந்தவர்கள். மாதச் சம்பளம் கையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, 150 வெள்ளி கட்ட வேண்டிய குடிமகன் வாசலில் யோசித்து நிற்கும்போது இவர்கள் நேராக உள்ளே போகலாம். கட்டணத்தின் தர்க்கம் எளிய வருமானக்காரரைக் காப்பது என்றால், இந்தத் தீவில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்களை அது விட்டுவிட்டது. தன்விலக்கு வெளிநாட்டவருக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது ஆசை வருமுன் தானே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். வாசலில் நிற்கும் கட்டணம் யோசிக்காதவரையும் தடுக்கும். நீண்டகால வேலை அனுமதியில் இருப்பவர்களைச் சுற்றுலாப் பயணிகளிலிருந்து பிரித்து அவர்களுக்கும் வருகை வரம்பு வைக்கத் தடையேதும் இல்லை. அட்டையில் எண் இருக்கிறது, அதைப் படிக்கும் கருவி வாசலிலேயே இருக்கிறது.

மற்ற நகரங்கள் இதைப் பார்த்து நகலெடுக்க நினைத்தால் எதை நகலெடுக்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். மெல்பர்னில் ஆற்றங்கரையோரம் நகர மையத்திலேயே இருக்கும் கிரவுன் கசினோவை 2021இல் அரச ஆணையம் விசாரித்து, உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றது என்று அறிவித்தது. கட்டடத்தில் குறையில்லை, கண்காணிப்பில்தான் ஓட்டை. ஜப்பான் ஒசாக்காவில் யுமெஷிமா என்ற செயற்கைத் தீவைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்வாசிகளுக்கு 24 மணி நேரத்துக்கு 6,000 யென் கட்டணத்தோடு வாரத்துக்கு மூன்று, 28 நாட்களுக்குப் பத்து என்று வருகைக்கே சட்டத்தில் உச்சவரம்பு போட்டிருக்கிறது. சிங்கப்பூரின் ஆண்டுச் சந்தாவைவிட இது நல்ல ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் நம்பத்தக்க அடையாள எண், வாசலில் சரிபார்ப்பு, நிறுவனத்துக்கு அஞ்சாத ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய மூன்றும் இல்லாத நகரம் தன் மையத்தில் கசினோவுக்கு இடம் கொடுக்கக்கூடாது.

சிங்கப்பூரிலேயே வேலை பாக்கி இருக்கிறது. 2019இல் போட்ட விரிவாக்க ஒப்பந்தப்படி மரினா பே சாண்ட்ஸ் கூடுதலாக 2,000 சதுர மீட்டர் சூதாட்டப் பரப்பும் 1,000 இயந்திரங்களும் சேர்த்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் நான்காவது கோபுரத்துக்கும் 15,000 இருக்கை அரங்கத்துக்கும் நிலம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த அரங்கத்துக்கு வரும் கூட்டம் கசினோ வாசலையும் வந்து சேரும். அது திறக்கும் முன் ஆண்டுச் சந்தாவை எடுத்துவிட்டு, பெர்மிட் தொழிலாளர்களுக்கு மாத வரம்பைச் சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.