முழுச் சேர்வரும் வேண்டாம், அந்த ஒரு பைல் போதும்: புரொக்ஸ்மொக்ஸ் பக்கப் சேர்வர்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் மொத்த வியாபாரிக்கும் வெள்ளவத்தையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்துக்கும் சேர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். சேர்வர் அடியோடு போய், முழுவதையும் மீட்க வேண்டி வருவது அபூர்வம். எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான்: "தம்பி, வற் ஷீட்டுக்கு மேல ஆரோ வேறயொண்டைச் சேவ் பண்ணிப்போட்டினம். வியாழக்கிழமை இருந்த மாதிரி எடுத்துத் தரேலுமோ?" வற் வரிக்கான றிட்டேன் கட்ட வேண்டிய கடைசி நாட்களில் அந்த அக்காவின் குரலில் இருக்கும் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் பக்கப் மென்பொருள் எதுவானாலும் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்: பழைய பக்கப்புக்குள் நுழைந்து, வேண்டிய ஃபோல்டரைத் திறந்து, ஒரே ஒரு பைலை வெளியே எடுக்க முடிகிறதா? முன்பு பாவித்த ஒரு மென்பொருளில் அதற்காக முழு டிஸ்க்கையும் வேறோர் இடத்தில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. பைல் சில நூறு கிலோபைட். காத்திருப்பது அரை நாள்.

புரொக்ஸ்மொக்ஸ் பக்கப் சேர்வர் வியன்னாவில் உருவாவது. முதல் பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. திறந்த மூல மென்பொருள். சந்தா கட்டாவிட்டாலும் எந்த வசதியும் பூட்டப்படாது. 2022 இல் ரூபாய் சரிந்தபோது டொலரில் லைசன்ஸ் புதுப்பித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஒரே சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை) ஓட்டும் மென்பொருள் புரொக்ஸ்மொக்ஸ் வீ.ஈ. அதில் ஓடும் கணினிகளை இது பக்கப் எடுக்கிறது. பக்கப் பட்டியலில் வேண்டிய நாளைத் தெரிவுசெய்து 'ஃபைல் றிஸ்டோர்' பொத்தானை அழுத்தினால் ஒரு சாளரம் விரியும். முதலில் டிஸ்க், அதற்குள் பார்ட்டிஷன், அதற்குள் நாங்கள் அன்றாடம் பார்க்கும் ஃபோல்டர்கள். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4, எல்.வி.எம். என்று டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் முறைகள் எல்லாம் திறக்கும். கடைசியாக மாற்றிய நேரமும் பக்கத்தில் தெரிவதால், அக்கா சொன்ன வியாழக்கிழமைப் பிரதி இதுதானா என்று இறக்க முன்னரே பார்த்துவிடலாம். ஒரு பைலை அப்படியே இறக்கலாம். ஃபோல்டர் என்றால் சிப்பாக வரும். ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரில் ஒரு துரும்பும் அசையாது.

உள்ளே நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. பக்கப்பில் உள்ள டிஸ்க்கை ஹோஸ்ட், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் நிஜக் கணினி, நேரடியாக மவுண்ட் செய்வதில்லை (இணைத்துத் திறப்பதில்லை). அதற்கென்றே ஒரு குட்டி மெய்நிகர் கணினி எழும்பி, அது திறந்து பார்த்து, கேட்டதை மட்டும் தருகிறது. வாடிக்கையாளரின் டிஸ்க்கில் வில்லங்கமான ஃபைல் சிஸ்டம் ஏதும் இருந்தால் அது ஹோஸ்டின் கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, தாக்கக்கூடாதே என்பதற்கான ஏற்பாடு. அது எழும்பச் சில விநாடிகள் எடுக்கும். முதல் முறை பாவிப்பவர்கள் தொங்கிவிட்டதென்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். டிஸ்க் 4 எம்.ஐ.பி. (ஏறக்குறைய 4 மெகாபைட்) துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருப்பதால், கேட்ட பைலுக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் வாசித்தால் போதும்.

குறைகளும் உண்டு. ஒரு பைலின் பெயரைக் கொடுத்து எல்லா நாள் பக்கப்புகளிலும் ஒரே தடவையில் தேட இந்தச் சாளரத்தில் வழியில்லை. எந்த நாள் கெட்டதென்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். எடுத்த பைல் உங்கள் பிரவுசருக்கு வரும்; பழைய இடத்தில் அதைத் திரும்பப் போடுவது உங்கள் வேலை. விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க்கின் உள்ளே இதனால் பார்க்க முடியாது.

டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஃபோல்டரிலிருந்து ஒரு டேபிளின் பைலை மட்டும் பிய்த்து எடுத்து, ஓடும் சேர்வரில் போட்டால் அது சும்மா வேலை செய்யாது. நான் ஒவ்வோர் இரவும் பக்கப் தொடங்க முன்னர், டேபிளுக்கு ஒன்றாக டம்ப் (டேபிளில் உள்ளதை எல்லாம் எழுதிவைத்த பைல்) எடுத்து ஒரு ஃபோல்டரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஹாட்வெயார் கடையின் ஸ்டொக் டேபிள் குழம்பினால் அந்த ஒரு டம்ப்பை இறக்கினால் சரி.

பக்கப்பை என்கிரிப்ட் செய்யும் வசதியும் இருக்கிறது, செய்யவும் வேண்டும். ஆனால் சாவி தொலைந்தால் அதைத் தயாரித்தவர்களாலும் திறந்துதர முடியாது. சாவியைக் கியூ.ஆர். குறியோடு கடதாசியில் அச்சடிக்கலாம். அச்சடித்து அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதி பத்திரப்படுத்துங்கள்.

யாருக்கு இந்தப் பொத்தான் தெரிய வேண்டும் என்பதையும் யோசியுங்கள். விண்டோஸுக்குள் சம்பளப் பட்டியலுக்கு நீங்கள் போட்ட தடை இந்தச் சாளரத்தில் செல்லாது. உரிமை உள்ளவர் எல்லாவற்றையும் பார்ப்பார். கணக்காய்வு அலுவலகத்தில் பங்காளர் ஒருவருக்கும் எனக்கும் மட்டுமே கொடுத்திருக்கிறோம். மற்றவர்கள் எங்களிடம் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரு சிறிய அலுவலகம் இதை வைக்க விரும்பினால், பக்கப்புக்குத் தனிக் கணினியும் எஸ்.எஸ்.டி.யும் போடுங்கள். துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும். சுழலும் ஹாட் டிஸ்க்கில் ஃபோல்டர் திறப்பதே இழுபறியாகிவிடும்.