ஆய்வு முறையியல்: கேள்வித்தாளா, வயலா, பழைய புராஜெக்டா?

ஆய்வு முறையியலை மாணவருக்கு எந்த வழியில் கற்பிப்பது? முதல் வழி கேள்வித்தாள். கோவை, ஈரோடு பக்கம் எம்.காம்., எம்.பி.ஏ. புராஜெக்ட் என்றால் தலைப்பே பாதி எழுதி வைத்ததுதான்: 'வாடிக்கையாளர் திருப்தி – கோவை மாநகரைச் சிறப்பாகக் கொண்டு'. உள்ளே 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து புள்ளி லைக்கர்ட் அளவுகோல், சதவீதம், இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை ஸ்கொயர், பதில்களைத் தரவரிசைப்படுத்தும் காரெட் ரேங்கிங். கற்பிக்கச் சுலபம். பெரிய வகுப்பையும் ஒரே செமஸ்டரில் கரையேற்றிவிடலாம், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளும் கைக்கு வந்துவிடும். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "ஏன் 384 பேர்?" என்று கேளுங்கள். "கிரெஜ்சி–மார்கன் டேபிள்ங்க சார்" என்று பதில் வரும். எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும், 1970இல் வந்த அந்த அட்டவணை, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் தட்டிவிட்டுத் திரட்டிய 384இல் எண் மட்டுமே பொருந்தும்.

வேளாண் மாணவர் இதே பாடத்துக்குள் வயல் வழியாக நுழைகிறார். வாய்க்கால் ஓரம் ஈரம் அதிகம், மேட்டுப் பக்கம் மண் காய்ந்து கிடக்கும். புது ரகத்தை முழுக்க வாய்க்கால் ஓரமே நட்டுவிட்டால், கூடுதல் மகசூல் ரகத்தாலா, தண்ணீராலா? அதனால்தான் வயலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா ரகங்களையும் சீட்டுக் குலுக்கி நடுகிறார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919இல் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்த வழி இது. வரப்பில் நடந்தவருக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சிக்கல் காலம்தான்: மஞ்சள் வெட்டுக்கு வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். எல்லாவற்றையும் குலுக்கவும் முடியாது. 2011இல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது பனியன் தொழிலாளர் கூலியை எப்படிப் பாதித்தது என்று கேட்டால், முந்தைய கூலிக் கணக்கும் ஒப்பிட வேறோர் ஊரும் வேண்டும்.

மூன்றாவது வழி, துறை நூலகத்தில் தூசி படிந்த புராஜெக்டைப் பிரித்து மேய்வது. முடிவுகள் அத்தியாயத்தை மறைத்துவிட்டு, "இந்த முறையை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லவே முடியாது?" என்று கேட்கலாம். செலவே இல்லை. இதிலேயே நின்றுவிட்டால் மட்டும், நொட்டை சொல்வதில் வல்லவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

கலைக் கல்லூரிக்கு என் வரிசை: முதலில் பழைய புராஜெக்ட், அடுத்து, வயலுக்குப் பதில் பாசிப்பயறு முளைக்கவைக்கும் சின்னச் சோதனை. ஜன்னலோரமும் உள்ளறையுமாகத் தட்டுகளைச் சீட்டுக் குலுக்கி வைத்தால், சில நாளில் முளைப்பு தெரிந்துவிடும். கேள்வித்தாள் அதன் பிறகு. ஐம்பது பேர் போதும், அவர்களை எந்தப் பட்டியலிலிருந்து எப்படி எடுத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதட்டும். எஸ்.பி.எஸ்.எஸ். கடைசி இரண்டு வாரத்துக்குப் போதும்.