1.9-க்குப் பிறகு 1.10: பதிப்பு எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

தெம்பனிஸ் ஸ்திரீட் 81 என்று சொன்னாலே புளோக் எண் 8-இல் தொடங்கும் என்பது வட்டாரம் பழகியவர்களுக்குத் தெரியும். அந்த எண்ணை வைத்து வழி கண்டுபிடிக்கலாம். வீட்டில் எத்தனை அறை, எந்த ஆண்டு கட்டியது என்று அதனிடம் கேட்க முடியாது. மென்பொருளின் பதிப்பு எண்ணும் இப்படித்தான். "வெர்ஷன் நம்பருக்கு இப்போதெல்லாம் அர்த்தமே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர், ஒரு கேள்விக்காக வைத்த எண்ணிடம் வேறு கேள்வியைக் கேட்கிறார்கள்.

கேள்விகள் மூன்று. இதை ஏற்றினால் என் நிரல் உடையுமா? இது எப்போது வந்தது, எதுவரை பேட்ச் (பிழைத்திருத்தம்) கிடைக்கும்? சோதனையில் ஓடியதும் சர்வரில் ஓடுவதும் அச்சு அசலாக ஒன்றுதானா? மூன்றுக்கும் ஒருசேரப் பதில் சொல்லும் எண்முறை இதுவரை இல்லை. எது எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

முதல் கேள்விக்கு: செம்வெர்

செம்வெர் (semantic versioning) என்பது 1.2.3 போன்ற எண்முறை: மேஜர், மைனர், பேட்ச் என்று மூன்று பகுதிகள். பழைய பயன்பாடு உடையும் என்றால் மேஜர் ஏற வேண்டும். உடையாமல் புதிய வசதி சேர்ந்தால் மைனர், பிழைத்திருத்தம் மட்டும் என்றால் பேட்ச். விதி தெளிவானது. ஆனால் இது வெளியிடுபவர் தரும் வாக்குறுதிதான். யாரும் அளந்து பார்த்துச் சான்று தருவதில்லை.

வாக்குறுதியை நாம் எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்பதை ஒரே ஒரு குறி தீர்மானிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம்மில் (npm) ^1.2.3 என்றால் 1.2.3 முதல் 2.0.0-க்கு முன்புவரை எதுவும் வரலாம். ~1.2.3 என்றால் 1.3.0-க்கு முன்போடு நின்றுவிடும். பூச்சியத்தில் தொடங்கும் எண்களுக்குக் கணக்கே வேறு: ^0.2.3 போவது 0.3.0-க்கு முன்புவரைதான், ^0.0.3 என்றால் 0.0.3 மட்டுமே. செம்வெர் விதிப்படி 0-இல் இருக்கும்வரை எது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

பைத்தானில் சறுக்குவது ஓர் இலக்கத்தில். ~=3.3 என்று எழுதினால் 3.4-உம் 3.9-உம் உள்ளே வரும்; ~=3.3.0 என்று எழுதினால் 3.3 வரிசைக்குள்ளேயே நிற்கும். 2021 பிப்ரவரியில் கிரிப்டோகிராஃபி என்ற பைத்தான் குறியாக்க லைப்ரரியின் (பிற நிரல்கள் இணைத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) 3.4 பதிப்பு வந்தபோது இந்த வித்தியாசம் பலருக்கு வலித்தது. அந்தப் பதிப்பிலிருந்து லைப்ரரியைக் கட்ட ரஸ்ட் கம்பைலர் தேவைப்பட்டது. ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்களில் அப்போது பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) அதை மூலநிரலிலிருந்துதான் கட்டும். ரஸ்ட் இல்லாததால் பில்ட் அங்கேயே விழுந்தது. அந்தத் திட்டம் செம்வெரைப் பின்பற்றவே இல்லை, தன் சொந்த எண்முறையை வைத்திருந்தது. மூன்று பகுதிகளைப் பார்த்ததும் செம்வெர் என்று நினைத்தது பயன்படுத்தியவர்களின் ஊகம். அதே ஆண்டில் அடுத்த பெரிய வெளியீட்டை 35.0.0 என்று எண்ணிட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். ஆகவே ஒரு லைப்ரரியைச் சேர்க்கும்முன் அதன் ஆவணத்தில் பதிப்புக் கொள்கை என்ன என்று தேடிப் படியுங்கள். இரண்டு நிமிட வேலை, ஒரு இரவை மிச்சப்படுத்தும்.

நேர்மையாகச் செம்வெரைப் பின்பற்றுபவர்களும் சில நேரம் அதை மீற வேண்டியிருக்கும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா பதிவு லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டைக்கு 2.15.0 போதாமல் 2.16.0 வந்தது. அது பதிவுச் செய்திக்குள் இருக்கும் குறிகளுக்கு மதிப்பைத் தேடி நிரப்பும் வசதியையே நீக்கி, வெளிச் சர்வரிலிருந்து தகவல் எடுக்கும் ஜேஎன்டிஐயை இயல்பாக அணைத்துவைத்தது. மைனர் எண் ஏற்றத்தில் ஒரு வசதி காணாமல் போனது. ஆபத்தைக் கணக்கில் கொண்டால் அதுவே சரியான முடிவு. கெட்ட எண்ணத்தோடும் இதைச் செய்யலாம். 2022 ஜனவரியில் என்பிஎம்மில் உள்ள கலர்ஸ் லைப்ரரியின் ஆசிரியரே 1.4.1-இல் முடிவற்ற சுழற்சியை வைத்தார். எண்ணைப் பார்த்தால் சாதாரண பேட்ச். ^1.4.0 என்று எழுதி, லாக் கோப்பு (நிறுவிய சரியான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கோப்பு) இல்லாமல் இருந்த எல்லாரிடமும் அது தானாக நுழைந்திருக்கும்.

எனவே செம்வெரை மனிதர்கள் படிக்கும் குறிப்பாக எடுத்துக்கொண்டு, கட்டுப்பாட்டை லாக் கோப்பிடம் விடுங்கள். நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போதும். லாக் கோப்பும் பேக்கேஜ் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும்.

இரண்டாம் கேள்விக்கு: கேல்வெர்

கேல்வெர் என்பது தேதியையே எண்ணாக வைக்கும் முறை. லினக்ஸ் இயங்குதளமான யுபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரல். நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் வழக்கமான ஆதரவு ஐந்து ஆண்டு, 2029 வரை. எந்த அட்டவணையையும் புரட்டாமல் மனக்கணக்கில் வந்துவிடுகிறது. 2006-இல் ஏப்ரலில் வர வேண்டிய பதிப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனபோது 6.04 என்று இருக்க வேண்டியது 6.06 ஆனது, தேதி பொய் சொல்லக் கூடாது என்பதில் அவ்வளவு கறார்.

ஆனால் உடையுமா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. பிப் கருவி 10.0-இலிருந்து 2018-இல் நேராக 18.0-க்குத் தாவி, தேதி முறைக்கு மாறியது. 2020-இல் வந்த 20.3, ஒரு பேக்கேஜுக்குத் தேவையான பிற பேக்கேஜ்களின் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றியது. முன்பு சத்தமில்லாமல் நிறுவப்பட்ட முரண்பட்ட பட்டியல்கள் பிழை காட்டத் தொடங்கின. எண்ணைப் பார்த்தவருக்கு அது அந்த ஆண்டின் மற்றொரு வெளியீடு மட்டுமே.

வெறும் வரிசை எண்

லினக்ஸ் கெர்னல் 2.6.39-இலிருந்து 2011-இல் 3.0 ஆனதற்கு எந்தப் பெரிய மாற்றமும் காரணமில்லை. 5.19-க்குப் பிறகு 6.0 வந்ததும் அப்படியே, இரண்டாம் எண் பெரிதாகிவிட்டது என்பதற்காக. குரோம் 2021-இல் நான்கு வாரத்துக்கு ஒரு முதல் எண் ஏற்றும் முறைக்கு மாறியது. அங்கே முக்கியம் கடைசிப் பகுதிதான். 2024 மே மாதம் தாக்குதலில் இருந்த ஓர் ஓட்டைக்குத் தீர்வு 124.0.6367.201-இல் வந்தது. "எல்லாரிடமும் 124 இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால் அது எதையும் நிரூபிக்காது. வலைத்தளப் பதிவேட்டிலிருந்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் குரோம் தன்னை 124.0.0.0 என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கணினியிலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11 இன்னும் தன்னை 10.0 என்றே சொல்கிறது. ரெஜிஸ்ட்ரியில் உள்ள பெயரும் 'விண்டோஸ் 10' தான். பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் அது 11. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்புச் சான்றான சைபர் எசென்ஷியல்ஸுக்காகச் சொத்துப் பட்டியல் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் இந்த ஓர் இடத்தில் கவனமாக இருந்தால் பட்டியல் முழுவதும் தவறாகப் போகாது.

ஸ்கேனர் அறிக்கையும் டெபியன் எண்ணும்

சிங்கப்பூரில் நிதித்துறைக்கு வேலை செய்பவர்கள் அதிகம் மோதும் இடம் இது. நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் நிர்வாக வழிகாட்டிகள் பேட்ச் நிர்வாகத்தை எதிர்பார்க்கின்றன. ஆடிட்டர் கையில், பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் அறிக்கை. அதில் பல ஸ்கேனர்கள் எண்ணை மட்டும் ஒப்பிடுகின்றன.

2014-இன் ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்தது, 1.0.1ஜி-இல் தீர்ந்தது. லினக்ஸ் வெளியீடான டெபியன் 7, ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பை மாற்றாமல், தீர்வை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் பொருத்தி 1.0.1இ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. முன்பாதியைப் படித்தால் ஓட்டை, முழுவதும் படித்தால் பத்திரம். 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு (கள்ள நுழைவழி) கண்டுபிடிக்கப்பட்டபோது டெபியன் பின்வாங்க வேண்டியிருந்தது. எண் குறைந்தால் மேம்படுத்தலாக அது பயனர்களுக்குப் போய்ச் சேராது. அதனால் 5.6.1+ரியலி5.4.5-1 என்று பெயரிட்டார்கள். உள்ளே இருப்பது 5.4.5. இங்கே எண்ணின் முன்பாதியை நம்பினால் நல்ல சர்வரை அணைத்துவிடுவீர்கள். ஆடிட்டருக்குப் பதில் எழுதும்போது முழுப் பேக்கேஜ் எண்ணையும், அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணுக்கு (ஓட்டைகளுக்கான பொதுப் பதிவு எண்) டெபியன் பாதுகாப்புப் பக்கம் சொல்லும் நிலையையும் சேர்த்து இணையுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு: டைஜெஸ்ட்

செயலியை அதன் சூழலோடு இமேஜாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் 'பைத்தான்:3.12' என்பது நகரும் பெயர்ப்பலகை. இன்று இழுத்ததும் அடுத்த மாதம் இழுப்பதும் வெவ்வேறு இமேஜாக இருக்கலாம். இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஷா256 டைஜெஸ்ட் 64 இலக்கம். ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும். ஆனால் அதைப் பார்த்து வயதும் தெரியாது, உடையுமா என்பதும் தெரியாது. சேஞ்ச் ரிக்வெஸ்ட் படிவத்தில் பெயரையும் டைஜெஸ்ட்டையும் இரண்டையும் எழுதுவதே முறை.

ஒப்பிடும்போது விழும் குழிகள்

பதிப்பு எண் தசம எண் அல்ல. எழுத்துவரிசையில் அடுக்கினால் 1.10 முதலில் வந்து 1.9 பின்னால் நிற்கும். சிஐ அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால் அது 3.1 ஆகப் படிக்கப்பட்டு, சிஐ இல்லாத பைத்தானைத் தேடும். '3.10' என்று மேற்கோளுக்குள் எழுதுங்கள். டெபியனில் 1.0~ஆர்சி1 (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்பது 1.0-ஐவிடச் சிறியது. ஒப்பீட்டை நீங்களே எழுதாமல், டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியின் ஒப்பிடும் கட்டளையிடம் விடுவது நல்லது.

சொந்தமாக எண்ணிட வேண்டியவர்களுக்கு: மற்றவர்கள் இணைத்துப் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் செம்வெர், அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் செயலி என்றால் தேதி முறை. ஆண்ட்ராய்டில் பயனர் பார்க்கும் பெயர் எதுவாகவும் இருக்கலாம். கடை பார்ப்பது உள்ளே இருக்கும் முழு எண்ணை, அது ஒவ்வொரு முறையும் ஏற வேண்டும். பிளே ஸ்டோரின் உச்சவரம்பு 2100000000. ஆண்டு, மாதம், நாள், அன்றைய இரண்டிலக்க வரிசை என்று 2026031501 போல எழுதினால் 2099 டிசம்பர் வரை அந்த வரம்புக்குள் அடங்கும். மணியையும் சேர்க்க ஆசைப்பட்டு இன்னும் இரண்டு இலக்கம் கூட்டினால் முதல் நாளே வரம்பைத் தாண்டிவிடும்.