டிஃபெண்டர் 110: காயிலா, ஏரா? முதலில் வீல் சைஸைப் பாருங்கள்

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பற்றியும், சஸ்பென்ஷன் காயிலா (இரும்புச் சுருள் ஸ்பிரிங்), ஏரா (காற்றடைத்த ஸ்பிரிங்) என்றும் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். வீலை மட்டும் போட்டோவில் எது எடுப்பாக இருக்கிறதோ அதைப் பார்த்து டிக் அடித்துவிடுவார்கள். வண்டியில் தினமும் உட்காரப் போகிறவர்களின் முதுகு அந்த ஒரு டிக்கைத்தான் அதிகம் உணரும்.

இந்த வண்டிக்குப் பொதுவாக வரும் நான்கு டயர் சைஸ்கள் இவை: 255/70 ஆர்18, 255/65 ஆர்19, 255/60 ஆர்20, 275/45 ஆர்22. முதல் எண் டயரின் அகலம் (மி.மீ.), கடைசி எண் ரிம்மின் விட்டம் (இன்ச்). நடுவில் இருக்கும் எண், டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவாலின் (டயரின் பக்கச் சுவர்) உயரம் என்பதைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் 18 இன்ச்சுக்கு 178.5 மி.மீ., 19-க்கு 166, 20-க்கு 153, 22-க்கு 124 மி.மீ. டயரின் மொத்த விட்டமோ முதல் மூன்றிலும் 814 மி.மீ., கடைசியில் 806. ஆக, வீல் சைஸ் கூடினாலும் டயரோடு சேர்ந்த முழுச் சக்கரம் பெரிதாவதில்லை. ரிம் வளர்ந்து ரப்பரையும் காற்றையும் தின்றுவிடுகிறது. 18-இலிருந்து 22-க்குப் போனால் சைடுவாலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி.

இதை ஏர் சஸ்பென்ஷன் ஈடுகட்டிவிடும் என்று ஷோரூமில் சொல்வார்கள். ஈடுகட்டாது. ஸ்பீடு பிரேக்கர், நீளமான பள்ளம் போன்றவற்றில் பாடி நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மெதுவாக ஏறி இறங்கும். இது ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) இரண்டின் வேலை. ஏர் சஸ்பென்ஷன் இதில் கெட்டிக்காரன். பாலத்தின் இணைப்பு, மேன்ஹோல் மூடியின் விளிம்பு, ஒட்டுப்போட்ட தார் எல்லாம் வேறு ரகம். இங்கே சக்கரமே நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும். ஏர் ஸ்பிரிங்குக்குள் காற்றை ஏற்றி இறக்குவது பாடியின் உயரத்தைச் சரிசெய்யத்தான். அதற்குச் சில நொடிகள் ஆகும், ஒவ்வொரு அடிக்கும் அது பதில் சொல்லாது. அடாப்டிவ் டேம்பர் (சாலைக்கேற்ப விறைப்பை மாற்றிக்கொள்வது) வேகமாக மாறும் என்றாலும், அடி வந்த பிறகுதான் அதற்கு வேலை. முதல் அடியை வாங்குவது சைடுவால். அது குட்டையாக இருந்தால் அடி அப்படியே மேலே வந்துவிடும்.

போதாக்குறைக்கு, 22 இன்ச்சில் எடை ரிம்மின் வெளி விளிம்பில்தான் குவிகிறது, டயரும் 20 மி.மீ. அகலம் கூடுகிறது. துள்ளும் சக்கரத்தை அடக்க டேம்பர் அதிகம் உழைக்க வேண்டும். 18 இன்ச் ஸ்டீல் வீலும் எடைதான். ஆனால் அதன் சைடுவால் அந்தக் குறையை மறைத்துவிடும்.

எனவே எங்கள் தீர்ப்பு: உடைந்த நகரச் சாலையில் 'ஏர் + 22' வண்டியைவிட 'காயில் + 19' வண்டியே இதமாக இருக்கும். 22-க்கும் ஒரு நியாயம் உண்டு. வளைவுகளில் சைடுவால் குழையாது, ஸ்டீயரிங் சட்டென்று பதில் சொல்லும். வழவழப்பான நெடுஞ்சாலையிலேயே வாழ்பவர் தாராளமாக எடுக்கலாம்.

டயரை முடிவுசெய்த பிறகுதான் காயிலா ஏரா என்ற கேள்வி. காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாதது. முழு பாரத்தையும் தாங்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விறைப்பாகவே வைப்பார்கள். தனியாக ஓட்டும்போது அது தெரியும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்காரும், அழுந்துவதற்கான இடம் குறையும். ஏர் ஸ்பிரிங்கில் பாரம் கூடினால் காற்றழுத்தமும் கூடும். உயரம் மாறாது, பாடி ஆடும் வேகமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆள் நிறைய, டிக்கி நிறைய சாமான், டிரெய்லர் என்று போகிறவர்களுக்கு ஏர்தான் சரி. தண்ணீரில் இறங்கும் ஆழமும் காயிலில் 850 மி.மீ., ஏரில் 900.

பலரும் செய்யும் தவறு ஒன்று. ரோடு மோசமாக இருக்கிறதே என்று வண்டியை ஆஃப்ரோடு உயரத்துக்கு, அதாவது 75 மி.மீ. மேலே, தூக்கி ஓட்டுவார்கள். சொகுசு கூடாது, குறையும். சக்கரம் பள்ளத்தில் தொங்கி இறங்க வேண்டிய தூரத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டதால், டேம்பர் கடைசிவரை நீண்டு 'டொக்' என்று இடிக்கும். அந்த உயரம் பாறைக்கும் வெள்ளத்துக்கும்; சாதாரண குண்டுகுழிக்கு இல்லை.

பராமரிப்பில் காயில் பக்கம் அதிகத் தொல்லை கிடையாது: டேம்பரில் எண்ணெய்க் கசிவு, தேய்ந்த புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர்), அவ்வளவுதான். ஏர் பக்கம் பட்டியல் நீளம். வயதாக ஆக ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடிப்புகளில் வெடிப்பு விழும், இடையில் மணல் சிக்கினால் இன்னும் சீக்கிரம். சின்னக் கசிவுதானே என்று விட்டால், அதை ஈடுகட்ட, காற்றை ஏற்றும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி ஒருநாள் எரிந்துபோகும். கசிவைப் பிடிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை இரவில் அளந்து எழுதிவையுங்கள். மறுநாள் காலை ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால், அங்கே ஸ்பிரிங்கிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். குமிழியே இல்லையென்றால் வால்வு பிளாக் (நான்கு ஸ்பிரிங்குக்கும் காற்றைப் பிரித்துவிடும் பாகம்) மேல் சந்தேகப்பட வேண்டும்.

22 இன்ச்சில் செலவு வேறு வழியில் வரும். கூரான பள்ளத்தில் டயர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, உள்ளே இழை அறுந்து, சைடுவாலில் புடைப்பு வரும். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் இல்லை. டயரையே மாற்ற வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றைக் குறைத்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிப்பதே சரி.

ஏற்கெனவே 22-ல் மாட்டிக்கொண்டவர்கள் 20-க்கு இறங்கலாம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக மாற்றுங்கள். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி இது. விட்டம் வேறுபட்ட டயர்களைக் கலந்தால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் உழைக்கும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 18 வரை இறங்க நினைத்தால், உங்கள் இன்ஜின் ரகத்தின் பிரேக் அந்த ரிம்முக்குள் அடங்குமா என்று முதலில் கேளுங்கள். பெரிய டிஸ்க் உள்ள வண்டியில் அடங்காது. வண்டியின் கம்ப்யூட்டரில் டயர் சைஸையும் டீலரிடம் மாற்றச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குப் போனால், ஓட்டும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். நீங்கள் புக் செய்யும் சைஸ் அதுவல்ல என்றால், அந்த வண்டியின் சொகுசு உங்கள் வண்டியின் சொகுசு அல்ல. வேறொருவரை ஓட்டச் சொல்லி, ஒட்டுப்போட்ட சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.