290-க்குள் ஒதுக்கப்பட்டவை: டூயி தசமப் பகுப்பு முறை பற்றிய ஒரு மதிப்புரை

நூலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் தந்து, அதன்படி நூல்களை அடுக்குவதற்காக மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையை இன்று நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓ.சி.எல்.சி. நிறுவனம் வெப்டூயி என்னும் இணையவழிச் சந்தாச் சேவையாக வழங்குகிறது. ஒரே பொருள் பற்றிய நூல்களை அடுத்தடுத்து நிறுத்துவதிலும், புதிதாக வரும் நூலுக்கு அடுக்கின் இடையிலேயே இடம் கண்டு தருவதிலும் இது திறமையான கருவிதான். எண்கள் யாருக்கு எவ்வளவு பங்கிடப்பட்டுள்ளன என்று பார்க்கும்போதுதான் குறைகள் தெரிகின்றன.

சமயத்துக்குரிய 200-ஆம் வகுப்பில் 220 முதல் 280 வரையுள்ள ஏழு பிரிவுகளும் விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் உரியவை, பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, யூத சமயம் 296, இஸ்லாம் 297 என மற்றவை யாவும் 290-க்குள் நெருங்கி நிற்கின்றன. இலக்கியத்திலும் இதே கதைதான். ஆங்கிலப் புதினத்துக்கு 823 என்ற மூன்று இலக்கங்கள் போதும். தமிழ்ப் புதினத்துக்கு 894.8113 தேவை. எண்ணின் நீளம் வெறும் அழகுப் பிரச்சினை அன்று. நூலின் முதுகில் ஒட்டும் சீட்டில் இடமில்லை என்று சிறிய நூலகம் ஒன்று புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை வெட்டிவிட்டால், 823 அப்படியே பிழைத்துக்கொள்ளும். ஆனால் 894 என்று மட்டும் எஞ்சும் தமிழ் நூல்கள் துருக்கிய, ஹங்கேரிய, பின்னிய நூல்களோடு ஒரே அடுக்கில் கலந்துவிடும்.

ஒரு பொருளை எதன் பக்கத்தில் வைப்பது என்பதும் ஒரு தீர்ப்பே. பழைய பதிப்புகளில் பெண்களின் நிலை பற்றிய நூல்களுக்கு நல்லொழுக்க நடைமுறைகளை அடுத்து 396 என்ற எண் தரப்பட்டிருந்தது. ஒருபாலீர்ப்பு மனக்கோளாறுகளோடு சேர்க்கப்பட்டிருந்தது. கறுப்பின எழுத்தாளர் எதை எழுதினாலும், அது கவிதையே ஆனாலும், குடியேற்றத்துக்குரிய 325-இலோ அடிமை முறைக்குரிய 326-இலோ போடும் பழக்கம் நூலகங்களில் இருந்தது. அமெரிக்காவின் ஹோவர்டு பல்கலைக்கழக நூலகர் டொரத்தி போர்ட்டர் அதை ஏற்காமல் அந்நூல்களை அவற்றின் துறைக்கேற்ப மாற்றி அடுக்கினார். பகுப்பு முறையும் பின்னர் தன்னைத் திருத்திக்கொண்டது: பெண்கள் 305.4-க்கும் ஒருபாலீர்ப்பு 306.76-க்கும் இடம்பெயர்ந்தன.

அப்படியென்றால் 200-ஐ மட்டும் ஏன் இன்னும் கலைத்து அடுக்கவில்லை? எண்ணை மாற்றினால், பழைய எண்ணோடு ஏற்கெனவே அடுக்கில் நிற்கும் ஒவ்வொரு நூலுக்கும் சீட்டை உரித்து ஒட்டி, பட்டியல் பதிவையும் திருத்தியாக வேண்டும் என்பது உண்மையான தடை. ஆனால் அது முழு விளக்கம் ஆகாது. நூல் எதைப் பற்றியது என்று சொல்லப் பட்டியலில் பயன்படும் பொருள் தலைப்புகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையே இல்லை. இருந்தும், 'சட்டவிரோத அந்நியர்' என்னும் பொருளுடைய தலைப்பைக் கைவிடுவதாக 2016-இல் அறிவித்த அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், அரசியல் எதிர்ப்பைக் கடந்து அதை மாற்றியது 2021-இல்தான்.

இச்சேவையில் பாராட்டத்தக்கது அதன் மாற்று வழிகள்: உள்ளூர் மொழிக்கும் இலக்கியத்துக்கும் குறுகிய எண் தந்து முதலிடம் கொடுக்கலாம், சமயங்களைக் காலமும் நிலப்பகுதியும் சார்ந்து அடுக்கும் மாற்று அமைப்பும் உண்டு. ஆனால் பிற நூலகங்களிலிருந்து பெறும் ஆயத்தப் பட்டியல் பதிவுகள் பெரும்பாலும் இயல்பான எண்ணையே சுமந்து வருவதால், மாற்று வழியைத் தேர்ந்த நூலகம் தொடர்புடைய ஒவ்வொரு பதிவையும் தன் செலவிலேயே திருத்த வேண்டியிருக்கிறது. ஆங்கில நூல்களே மிகுந்த பொது நூலகத்துக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பிற சமயங்களுக்குரிய 290-உம் பிற மொழிகளுக்குரிய 490-உம் பிற மொழி இலக்கியங்களுக்குரிய 890-உம் நிரம்பி வழியும் நூலகம், சந்தாத் தொகையோடு அந்தத் திருத்த வேலைக்கான ஊதியத்தையும் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.